பிரிக்க மறந்த குழாய்

மார்ச் 3, செவ்வாய்

தலையில் சோப்பு நுரை இருக்கும்போது தண்ணீர் மெலிந்தது. கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் முகம் மழிக்கத் தொடங்கிவிட்டார். அவர் இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு வரும் வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பதுதான் என் காலைத் தியானம். நானும் சும்மா இருப்பவனில்லை. அவர் குளிக்கிற சத்தம் கேட்டால், செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்ற கடமையுணர்ச்சி எனக்குப் பொங்கிவிடும். ஆறு வருஷமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் தொடர்பில் இருக்கிறோம்.

அப்பா போன பிறகு வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கினோம். மிக நாகரிகமாக நடந்தது. ஜன்னல்களை எண்ணிப் பிரித்தோம். வாசல் படியின் நடுவே கோடு கிழித்தோம். சண்டை வந்தது எல்லாம் முடிந்த பிறகு, ஓர் ஏணிக்காக. "அது என் ஏணி" என்று முதலில் சொன்னது யார் என்பது இருவருக்கும் தெளிவாக நினைவிருக்கிறது, ஆள்தான் வேறுபடுகிறது. ஆளுக்கொரு புது ஏணி வாங்கிக்கொண்டோம். பழைய ஏணி பொதுவான முன்வாசலில் மதிலோரம், யாருக்கும் சொந்தமில்லாமல், படுத்துக் கிடக்கிறது.

இன்றைய செய்தி: குடிநீர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டுக்கு வெளியே சிறு குழி தோண்டினார்கள். ஒருவர் குழாயைக் கத்தியால் சுரண்டினார். சாம்பல் நிறத்துக்கு அடியில் பளபளவென்று மின்னியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"வெள்ளி மாதிரி இருக்கே?"

"ஈயம் சார்," என்றார். துக்க வீட்டில் பேசுகிற குரல்.

தெருவில் உள்ளதை ஏப்ரலில் அவர்களே மாற்றுவார்களாம். கேட்டுக்கு உள்ளே இருப்பது எங்கள் பொறுப்பாம். இதையே அண்ணன் வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மார்ச் 4, புதன்

மகளிடம் போனில் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். ரோமாபுரிச் சக்கரவர்த்திகளும் ஈயக்குழாயில்தான் தண்ணீர் குடித்தார்கள், நாமும் அந்தப் பரம்பரைதான் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"அப்பா, பாப்பாவுக்குப் பால் மாவு அந்தத் தண்ணியிலதானே கலக்கணும்?"

மே மாதம் அவள் வேலைக்குத் திரும்புகிறாள். ஐந்து மாதப் பேத்தியை எங்களிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. தொட்டிலை மாடியிலிருந்து இறக்கித் துடைத்துவைத்து இரண்டு வாரம் ஆகிறது. நான் இருக்கும் அறையில் என் மேசையே ஓரமாகத் தள்ளப்பட்டுவிட்டது.

"நல்லாக் கொதிக்க வச்சுக் குடுக்குறேன்டி," என்றாள் என் மனைவி, போனைப் பிடுங்கி.

"கொதிக்க வச்சா கிருமி சாகும்மா. ஈயம் என்ன கிருமியா? தண்ணி சுண்டச் சுண்ட அது இன்னும் கூடும்."

"நாங்கல்லாம் ஈயம் பூசின பாத்திரத்துல சாப்பிட்டு வளர்ந்தவங்கதானே?"

"அது வெள்ளீயம்மா. இது காரீயம். பேருதான் சொந்தக்காரங்க மாதிரி. சின்னப் பிள்ளைங்க மூளையைப் பாதிக்கும்மா. குழாயை மாத்துற வரைக்கும் நான் பாப்பாவைக் கூட்டிட்டு வரமாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அத்தை அவங்க வீட்டுல விடச் சொல்றாங்க," என்றாள்.

சம்பந்தியம்மாள் வீடு ஒன்பதாவது மாடி. எல்லாம் புதுக்குழாய்.

மனைவி போனை வைத்துவிட்டுத் தொட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குழாய் போட்டது நான்தான் என்பதுபோல. எங்கள் தாத்தா காலத்துக் குழாய் அது.

மார்ச் 7, சனி

குழாய்க்காரர் வந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். இரண்டு போன் வைத்திருக்கிறார். ஒன்றில் பேசும்போது இன்னொன்றை எடுத்து, "நான் வேற போன்ல இருக்கேன்" என்று சொல்வதற்காக. ஒரு காந்தத்தைக் குழாயில் வைத்தார், ஒட்டவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு குழாயின் வழியைக் காலால் அளந்துகொண்டே போனவர் அண்ணன் வாசல் கதவருகே நின்றார்.

"சார், உங்க தண்ணி பெரிய சார் வீட்டு ஹாலுக்குள்ள போய், தரைக்கு அடியில கிளை பிரிஞ்சு, அப்புறம் சுவருக்குக் கீழ நுழைஞ்சு உங்ககிட்ட வருது."

"அங்க போகாம, நேரா நம்ம பக்கமே கொண்டுவர முடியாதா?"

"நம்ம பக்கம் பூரா சாக்கடைக் குழாயில்ல ஓடுது! அதை ஒட்டிக் குடிக்கிற தண்ணியைக் கொண்டுவரலாமா? நீங்களே சொல்லுங்க."

ஆக, பாகம் பிரித்தபோது அண்ணனுக்கு நல்ல தண்ணீரும் எனக்குச் சாக்கடையும் வந்திருக்கின்றன. ஜன்னலை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் பூமிக்கு அடியில் இது நடந்திருக்கிறது. குழாயைப் பிரிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வந்துகொண்டிருந்தது, வருவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

அண்ணன் ஹால் தரையை உடைத்தாக வேண்டும். அதை எழுதும்போதே கை கூசுகிறது. போன வருஷம்தான் அதில் பளிங்கு மாதிரி டைல்ஸ் போட்டார். அதன் மேல் நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். அண்ணியே குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடப்பதாக என் மனைவி சொல்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

புத்திசாலித்தனமான யோசனை ஒன்று: என் பக்கத்துக் குழாயை மட்டும் நான் மாற்றிக்கொள்வது. மகளிடம் சொன்னேன்.

"பாதியை மட்டும் மாத்தினா மீதிப் பாதியில இருக்கிறது கலைஞ்சு, கொஞ்ச நாளைக்கு இன்னும் அதிகமா வரும்பா. ஒண்ணு முழுசா மாத்தணும், இல்லைன்னா தொடக்கூடாது."

"அப்படின்னா?"

"பெரியப்பாகிட்ட பேசுங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஒன்பதாவது மாடியிலிருந்து குதிங்க என்பதுபோல.

மார்ச் 9, திங்கள்

குழாயை மாற்றுகிற வரைக்கும் காலையில் எழுந்ததும் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, தேங்கிய தண்ணீர் போன பிறகுதான் குடிக்கப் பிடிக்க வேண்டும் என்று மகள் உத்தரவு. திறந்துவிட்டேன். அந்தப் பக்கமும் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. பெரியப்பாவுக்கும் அவளே போன் செய்திருக்கிறாள்போல. இருவரும் பக்கெட்டுகளை நிரப்பிக்கொண்டு ஒருவர் தண்ணீரை ஒருவர் குறைத்துக்கொண்டு நின்றோம்.

மார்ச் 12, வியாழன்

அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். கையேடு எழுதுவது என் தொழில். மிக்சி, குக்கர், தண்ணீர் சூடேற்றும் கருவி என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் யாரும் படிக்காமல் கிடக்குமே ஒரு புத்தகம், அதை எழுதுகிறவன் நான். தெளிவாக எழுதக்கூடியவன் என்று கம்பெனியில் பெயர்.

மனைவி வாங்கிப் படித்தாள். சத்தமாகவே படித்தாள். "'தரையை அகற்றும் முன் பொருட்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றவும். பணி முடிந்ததும் தரை முந்தைய நிலைக்குக் கொண்டுவரப்படும். ஐயங்களுக்குத் தம்பியைத் தொடர்புகொள்ளவும்.' ஏங்க, அண்ணனுக்கு எழுதினீங்களா, வாஷிங் மெஷினுக்கு எழுதினீங்களா?"

கிழித்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

வழக்கமான தூதரகம் வழியாகவே போவதென்று முடிவு. தூதரகம் என்பது கொல்லைப்புறச் சுவர். அங்கே என் மனைவியும் அண்ணியும் தினமும் துணி உலர்த்தும்போது பேசிக்கொள்கிறார்கள். ஆண்கள் பேசிக்கொள்ளாதது அவர்களுக்கு ஓர் இடைஞ்சலாக இருந்ததாகத் தெரியவில்லை. செய்திகள் சுருக்கமாக, பிழையில்லாமல் போய்வருகின்றன.

இன்று போன செய்தி: குழாயை மாற்ற வேண்டும், தரையை உடைக்க வேண்டும்.

வந்த பதில்: "இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் ரெண்டு பேரும் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?"

"நீ என்ன சொன்னே?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நானும் அக்காவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்."

மார்ச் 19, வியாழன்

சம்பந்தியம்மாள் போன் செய்தார். மிகுந்த பரிவோடு. "எங்க வீட்டுத் தண்ணிக்கு என்ன குறை? ஒன்பது மாடி ஏறி வர்றதுக்குள்ளயே பாதி சுத்தமாயிடுது." பேத்திக்கென்று ஓர் அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்துவிட்டார்களாம். நல்ல மனுஷி. அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மனைவி தொட்டிலில் துணி மடித்துவைக்க ஆரம்பித்திருக்கிறாள்.

மார்ச் 27, வெள்ளி

துணிந்து ஒரு பொய் சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறேன். இங்கே எழுதினால் பாவம் குறையுமா தெரியவில்லை, எழுதிவைக்கிறேன்.

குழாய்க்காரரைத் தெருமுனை டீக்கடைக்கு வரச்சொன்னேன். அண்ணனிடம் போய் இப்படிச் சொல்ல வேண்டும் என்றேன்: அலுவலகத்தில் விதி மாறிவிட்டது, கேட்டுக்கு உள்ளே இருப்பதையும் அவர்களே இலவசமாக மாற்றித் தருகிறார்கள், உடைத்த தரைக்கு அதே டைல்ஸையே திரும்பப் போட்டுத் தருவார்கள். செலவு முழுவதும் என்னுடையது. நான் சொன்னதாக உயிர் போனாலும் தெரியக்கூடாது. அலுவலகத்துக்காகத் தரையை உடைப்பதில் அண்ணனுக்கு மானக்கேடு ஒன்றுமில்லை. தம்பிக்காக உடைப்பதுதான் கஷ்டம்.

குழாய்க்காரர் டீயை வாயருகில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு இருமினார். அந்த இருமல் நெடுநேரம் போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார். டீ சூடு."

"சத்தியம் பண்ணுங்க."

"இதுக்கும் சத்தியமா?" என்றார். எதற்கு 'இதுக்கும்' என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. செய்துகொடுத்தார்.

மார்ச் 30, திங்கள்

நம்ப முடியவில்லை. தூதரகச் செய்தி: "ஆபீஸ்லயே இலவசமா மாத்துறாங்களாமே! நல்ல காலம். எங்க வீட்டுக்காரரு சரின்னுட்டாரு." அண்ணி சொன்னதாக மனைவி சொன்னாள். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. நானும் ஆச்சரியப்பட்டேன். "அப்படியா! நல்ல விஷயம்தான்," என்றேன். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது.

ஏப்ரல் 4, சனி

குழாய்க்காரர் வீட்டுக்கே வந்தார். அலுவலகத்தில் விதி மாறிவிட்டது, உள்ளே இருப்பதையும் இலவசமாக மாற்றுகிறார்கள் என்று என் மனைவி முன்னால் என்னிடமே ஒப்பித்தார். பாடம் சொல்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. நல்ல தொழில்காரர், ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கதவுக்கு வெளியே வந்து, "எங்கிட்ட எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி சொல்லிவச்சா நமக்கு நல்லது சார்," என்றார். பெருமூச்சு விட்டார். "ஒண்ணு சொல்லவா? இவ்வளவு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு குடும்பத்தை நான் பாத்ததில்லை."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

கை வலிக்கிறது. ஆனாலும் எழுதியே தீர வேண்டும்.

காலையிலேயே தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். குழாய்க்காரரும் இரண்டு ஆட்களும் கேட்டிலிருந்து அண்ணன் வாசல் வரைக்கும் இடுப்பளவு பள்ளம் வெட்டினார்கள். தெருவில் அலுவலக ஆட்கள் தங்கள் பங்குக்குத் தனியாகத் தோண்டினார்கள். வீட்டுக்குள்ளிருந்து டைல்ஸ் உடைகிற சத்தம். அண்ணன் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முகம் சாந்தமாக இருந்தது. இலவசம் மனிதனை எவ்வளவு பக்குவப்படுத்துகிறது என்று வியந்தேன்.

நான் பள்ளத்துக்கு இந்தப் பக்கம். அவர் அந்தப் பக்கம். இருவரும் குழாய்க்காரரைப் பார்த்துப் பேசினோம்.

"ஆபீஸ்காரங்க பரவாயில்லையே. பொறுப்பா செய்யுறாங்க," என்றார் அண்ணன் பள்ளத்திடம்.

"ஆமாம், இந்தக் காலத்துல யாரு இப்படி இலவசமா செய்யுறாங்க?" என்றேன் நானும் பள்ளத்திடம்.

"தரையைக்கூட அவங்களே போட்டுத் தர்றாங்களாம்."

"தெரியும். அதாவது, கேள்விப்பட்டேன்."

குழாய்க்காரர் பள்ளத்துக்குள் இன்னும் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து, மார்ச்சில் வந்து குழாயைக் கத்தியால் சுரண்டிய அந்த அலுவலக மனிதர் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, உள்ளயும் ஆரம்பிச்சுட்டீங்களா? யாரு ஆள் வச்சது?"

"நீங்கதானே!" என்றோம் அண்ணனும் நானும் ஒரே குரலில்.

"நாங்களா? கேட்டுக்கு உள்ள ஒரு சாண்கூட நாங்க தொடக்கூடாது சார். அன்னைக்கே சொன்னோமே. ரெண்டு வீட்டுலயும் சொன்னோம்."

மண்வெட்டிகள் நின்றன. குழாய்க்காரர் பள்ளத்திலிருந்து மெல்ல நிமிர்ந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"நல்லதாப் போச்சு. இதுக்கு மேல என்னால முடியாது. பெரிய சார் டீக்கடைக்கு வரச்சொல்லி, 'செலவு என்னோடது, ஆபீஸ் மாத்துதுன்னு தம்பிகிட்ட சொல்லு'ன்னு சத்தியம் வாங்கினாரு. சரின்னேன். மறுநாளே சின்ன சார் அதே டீக்கடை, அதே பெஞ்சு, 'செலவு என்னோடது, ஆபீஸ் மாத்துதுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க.' ஒரு வார்த்தை மாறலை! ஒரே பொய்யை ரெண்டு பக்கமும் நான் சுமந்துக்கிட்டு அலையுறேன். இதுல ரெண்டு பேரும் ஆபீஸ்காரங்களை என் முன்னாடியே பாராட்டுறீங்க. வேலை செய்யுறவன் நான்!"

அலுவலக மனிதர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, தெருவில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

நான் பள்ளத்தைப் பார்த்தேன். அண்ணனும் பள்ளத்தைத்தான் பார்த்தார். ஈயக்குழாய் மண்ணுக்குள் மங்கலாக, வளைந்து வளைந்து, எங்களைப்போலவே அசடாகக் கிடந்தது.

அப்போது அண்ணி காய்கறிப் பையோடு கடையிலிருந்து வந்தாள். கேட்டருகே வந்து நின்றாள். இடையில் பள்ளம், தாண்ட வழியில்லை.

"அய்யோ, நான் எப்படி உள்ள வர்றது?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை பின்வருமாறு:

"டேய், அந்த ஏணியை எடு."

"எந்த ஏணி?" என்றேன். வேண்டுமென்று கேட்கவில்லை. வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"எந்த ஏணியா? அங்க கெடக்குதே, அதைத்தான். நம்ம ஏணி. நிக்குறான் பாரு, மரம் மாதிரி!"

எடுத்தேன். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவர் வாங்கிக்கொள்ள, பள்ளத்தின் மேல் குறுக்காகப் போட்டோம். மேலே பலகை வைத்தோம். அண்ணி அதன் மேல் நடந்து வந்தாள், குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான். நடுவில் நின்று, "தம்பி, நல்லாப் பிடிச்சுக்குங்க," என்றாள். என் மனைவி ஜன்னலில் நின்று, ஆச்சரியமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அண்ணிக்கும் எல்லாம் முன்னமே தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு கேட்டதற்கு, "ஒரே பெஞ்சுன்னு மட்டும் தெரியாது," என்றாள்.

மத்தியானம் அண்ணன் ஹாலில் நானும் போய் நின்றேன். நடுத்தரையில் பெரிய வாய்போல ஒரு குழி. குழாய் கிளை பிரிகிற இடத்தில் ஈயம் வெங்காயம்போல் புடைத்திருந்தது. "அண்ணே, தரை போச்சே," என்றேன்.

"தரை எங்கடா போகுது? அந்தக் குட்டி தவழ்றதுக்குன்னுதான் போட்டேன். அதுவே ஒன்பதாவது மாடிக்குப் போயிடுச்சுன்னா, இது எதுக்கு? நான் தவழ்றதுக்கா?"

அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. சுவர் எழும் முன்னால் என் மகள் நடை பழகியது இந்த ஹாலில்தான்.

ஏப்ரல் 15, புதன்

பழைய குழாயை வெளியே இழுத்தார்கள். பாம்பு மாதிரி நெளிகிறது, கனமோ கனம். பழைய இரும்புக்காரர் வந்து ஆசையோடு பார்த்தார். "அதையும் ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்குவீங்களா?" என்றார் குழாய்க்காரர். அண்ணன் அவரை முறைத்தார். நானும் முறைத்தேன். ஒரே முறைப்பு என்று குழாய்க்காரர் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வீட்டு எர்த் ஒயரும் இந்தக் குழாயில்தான் கட்டியிருந்ததாம். புதுக்குழாய் பிளாஸ்டிக், மின்சாரத்தைக் கடத்தாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி எர்த் போட்டாயிற்று. தெரியாமல் விட்டிருந்தால், இவ்வளவு தூரம் சமாதானமான பிறகு இருவரும் சேர்ந்து ஷாக் வாங்கியிருப்போம்.

பிறகு குழாய்க்காரர் நீலக் குழாய்ச் சுருளை அவிழ்த்துக்கொண்டே முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

"ஒரே பள்ளம்தான். தனித்தனியா ரெண்டு குழாய் போட்டுடலாமா? இனிமே ஒருத்தர் திறந்தா இன்னொருத்தருக்குக் குறையாது. சண்டையே வராது."

நியாயமான யோசனை. மறுப்பதற்குக் காரணமே இல்லை. அண்ணன் மோவாயைத் தடவினார்.

"எதுக்கு வீணா?" என்றார்.

"ஆமாம், எதுக்கு?" என்றேன்.

குழாய்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, கொஞ்சம் பெரிய சைஸா ஒண்ணே போடுறேன். ரெண்டு வீட்டுக்கும் தாராளமா வரும். அப்புறம் எங்கிட்ட வந்து, பிரிச்சுக் குடுன்னு டீக்கடைக்குக் கூப்பிடாதீங்க."

ஏப்ரல் 16, வியாழன்

தெருக்குழாயோடு இணைத்தாயிற்று. குழாய் வாயில் இருந்த சல்லடைகளையெல்லாம் கழற்றிவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்துவிடச் சொன்னார்கள். உள்ளே உதிர்ந்து கிடக்கிற துகள் வெளியேற வேண்டுமாம். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொட்டியது. முதலில் இருமியது, துப்பியது, பழுப்பாக வந்தது, பிறகு தெளிந்தது. எனக்கும் அண்ணனுக்கும் நடந்தது போலவே என்று எழுத நினைத்தேன். வேண்டாம், குழாய் குழாயாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 18, சனி

மகள் திருப்தியடையவில்லை. "மாத்தினது சரி. தண்ணியை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்." யாருடைய பிடிவாதம் என்று தெரியவில்லை. மனைவிக்குத் தெரியுமாம்.

ஏப்ரல் 22, புதன்

பரிசோதனைக்கு, ராத்திரி முழுவதும் குழாயில் தேங்கி நின்ற முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். அதாவது தூங்கப் போனதிலிருந்து காலை வரை யாரும் எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது. ஒரே குழாய் என்பதால் இரண்டு வீட்டிலும்.

விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்: "டேய், எவனாவது திறந்தீங்களா?"

"இல்லண்ணே!"

"உன் பொண்டாட்டி?"

"நான் பல்லே விளக்கலை மாமா!" என்று சமையலறையிலிருந்து கத்தினாள் என் மனைவி.

பாட்டிலில் பிடித்து மூடியபோது அண்ணன் நேரில் வந்து நின்று பார்த்தார். மழிக்காத முகத்தோடு அவரைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது. தாடி முழுக்க நரைத்திருக்கிறது. அப்பா மாதிரியே இருந்தார். நான் சொல்லவில்லை. சொன்னால், "நீயும்தான்" என்பார்.

ஏப்ரல் 30, வியாழன்

முடிவு வந்துவிட்டது. அளக்கக்கூடிய ஈயம் இல்லை.

மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது: கட்டிலின் மேல் திறந்த பெட்டி, அதற்குள் சின்னச் சின்னச் சட்டைகள்.

மனைவி தொட்டிலிலிருந்து துணிகளை எடுத்து, என் மேசை மேல் வைத்துவிட்டாள்.

மே 2, சனி

சம்பந்தியம்மாளுக்கு நானே போன் செய்தேன். வருத்தம்தான், ஆனால் பெரிய மனசு. "பரவாயில்லைங்க. அந்த மஞ்சள் ரூமை லீவு நாளுக்கு வச்சுக்கிறோம். ஆனா ஒண்ணு, உங்க தண்ணி மாடி ஏறலை. பாத்துக்குங்க." ஏற ஏற்பாடு செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மே 9, சனி

பேத்தி வந்துவிட்டாள். எடை கூடியிருக்கிறது. பல் இன்னும் இல்லை. என்னைப் பார்த்து அழுதாள். அண்ணனைப் பார்த்ததும் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் தரை முன்புபோல் இல்லை. அதே டைல்ஸ் கடையில் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு பட்டை மட்டும் வேறு நிறத்தில், வாசலிலிருந்து சுவர் வரைக்கும், குழாய் போகிற வழியைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. அண்ணனிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று அண்ணி எச்சரித்திருந்தாள். அவரே கேட்காமல் சொன்னார்: "பாக்கத் தனியா இருக்குல்ல? நல்லாத்தான் இருக்கு." பேத்தியை அதன் மேல் குப்புறப் போட்டார். நாற்காலிகள் எல்லாம் இழுத்தே ஓரம் தள்ளப்பட்டன.

மே 17, ஞாயிறு

காலையில் பேத்திக்குத் தலைக்கு ஊற்றினோம். மனைவி கால்களை நீட்டி அவளைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். நான் குழாயில் சொம்பை நிரப்பிக் கொடுப்பவன். தலையில் நுரை இருக்கும்போது தண்ணீர் மெலிந்தது. கொஞ்சம்தான். 'தாராளம்' என்ற சொல்லை நாங்களும் குழாய்க்காரரும் வேறுவேறு அளவில் புரிந்துகொண்டிருக்கிறோம்.

குழந்தை நெற்றியைச் சுருக்கினாள். நுரை புருவத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

சுவரைத் தட்டினேன். "அண்ணே! பாப்பா தலையில நுரை!"

அந்தப் பக்கம் குழாய் அடைபட்டது. இங்கே சொம்பு நிரம்பி வழிந்தது.

கழுவித் துடைத்துத் துண்டில் சுற்றி முடித்த பிறகும் அங்கே தண்ணீர் ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: "டேய், முடிஞ்சுதா? எனக்கு இன்னும் ஒரு கன்னம் இருக்கு."